எந்த நாடகத்தை எடுப்பது? திருகோணமலையில் சிறு குழு நடத்துபவர்களுக்கு

புதிதாகக் குழு தொடங்குகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் வந்து, "அக்கா, நல்ல நாடகம் ஒன்று சொல்லுங்கோ" என்பார்கள். "உங்களில் எத்தனை பேர் கடைசிவரைக்கும் நிற்பீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் அலுமாரியைத் திறப்பேன். நல்ல நாடக எழுத்துருக்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. உங்களிடம் உள்ள ஆட்களும் மாதங்களும் மண்டபமும் எதைத் தாங்கும் என்று பார்ப்பதில்தான் தெரிவு இருக்கிறது.

பெயர் தந்தவர்களை எண்ணாதீர்கள், ஒத்திகைக்கு வரக்கூடியவர்களை எண்ணுங்கள். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொருவருடைய கிழமையையும் எழுதுங்கள்: யாருக்கு எந்த நாள் ரியூஷன், யாருக்குச் சீனக்குடாவில் இரவு ஷிப்ட், யார் கிண்ணியாவுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், யாருக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது. கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் கிடைக்கமாட்டார்கள். வாடைக் காற்று எழும்பினால்தான் கரையில் நிற்பார்கள். நவராத்திரி நாட்களில் ஊர்ப் பெடியள் கும்பம் எடுக்கிற வேலையில் நிற்பார்கள். அந்த நாட்களில் ஒத்திகை வைத்துவிட்டு ஆள் வரவில்லையென்று கோபிப்பது நியாயமில்லை. இவ்வளவையும் கழித்து மிஞ்சுகிற தொகையிலும் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பாத்திரங்கள் உள்ள நாடகமே உங்களுக்குரியது. மிஞ்சும் இருவரும் எல்லோருடைய வசனத்தையும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கட்டும்.

மூன்றே பேர் மிஞ்சினால் மனம் உடைய வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1888இல் எழுதிய திருமணப் பேச்சு நாடகத்துக்கு மூன்று பேரும் ஒரு அறையும் போதும். பெண் கேட்டு வந்தவன் ஒரு துண்டுக் காணி யாருடையது என்ற சண்டையில் மாட்டிக்கொள்கிறான். வேலி எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கதையாமல் இருக்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம், ஆகவே முதல் வாக்குவாதத்திலேயே சபை உள்ளே வந்துவிடும். இதை அப்படியே தம்பலகாமத்து வயலுக்குக் கொண்டுவரலாமே என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்யும் முன் யோசியுங்கள். அந்தக் கதையில் மாப்பிள்ளை தனியே, தானே பெண் கேட்டு வருகிறான். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் போவார்கள், இல்லையென்றால் தரகர் போவார். அதை மாற்றினால் நாடகத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும். ரஷ்யாவிலேயே விட்டுவிட்டு, பேச்சை மட்டும் எங்கள் வாய்க்கு வசதியாக்குங்கள் என்பது என் கருத்து.

பெண்கள் கூடுதலாக உள்ள குழுக்கள் ஆண் வேடங்களுக்கு ஆள் தேடி அலைவதைக் காண எனக்குக் கவலையாக இருக்கும். ஸ்பானிய எழுத்தாளர் லோர்கா 1936இல் எழுதிய 'பெர்னார்டா அல்பாவின் வீடு' நாடகத்தில் மேடைக்கு வருபவர்கள் அனைவரும் பெண்கள். கணவன் செத்த பிறகு எட்டு வருடத் துக்கம் என்று சொல்லி ஐந்து மகள்மாரையும் வீட்டுக்குள் பூட்டுகிற தாயின் கதை. க. பாலேந்திரா அதை 'ஒரு பாலை வீடு' என்ற பெயரில் தமிழில் மேடையேற்றினார். முழு நாடகமும் புதுக் குழுவுக்குப் பாரம். ஆனால் இப்படியான எழுத்துருக்கள் இருக்கின்றன என்று தெரிந்திருந்தால், பெண் பிள்ளைகளுக்கு மீசை ஒட்டுகிற யோசனை வராது.

ஆள் நிறைய, ஆனால் இன்றைக்கு வந்தவர் நாளைக்கு வருவாரோ தெரியாது என்றால் குழுவாகப் பேசி, குழுவாக அசைகிற நாடகம்தான் காப்பாற்றும். 1985இல் யாழ்ப்பாணத்தில் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனிய'ரை இதற்காகவே வாசித்துப் பாருங்கள். கூட்டமே ஒரு பாத்திரமாக எப்படி வேலை செய்கிறது என்று பிடிபடும்.

கூத்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: கூத்தைப் பழக்கப் போகிற அண்ணாவியார் யார்? விடிய விடிய ஆடிய கூத்துகளை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோதும், கூத்தறிந்த அண்ணாவிமாரை வைத்துத்தான் செய்தார். மத்தளக்காரரும் தாளம் பிடிப்பவரும் கிடைத்து, கால் பழக மாதக்கணக்கில் நேரமும் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

இனி வாசிப்பு. இதில் அவசரப்படவே கூடாது. இரண்டு அல்லது மூன்று எழுத்துருக்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை ஒதுக்கி, எல்லோரும் வட்டமாக இருந்து சத்தமாக வாசியுங்கள். வேடம் பிரித்துக் கொடுக்காதீர்கள். காட்சிக்குக் காட்சி பாத்திரங்களை மாற்றிக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன் வசனத்தை மட்டும் எண்ணிக்கொண்டு இருப்பார், நாடகத்தைக் கேட்கமாட்டார். நான் பென்சிலோடு மூலையில் இருப்பேன். வாசிப்பவர் தடக்குப்படும் இடத்தில் ஒரு கோடு, கேட்பவர்கள் போனை எடுக்கும் இடத்தில் ஒரு புள்ளி, சிரிப்பு வந்த இடத்தில் ஒரு வட்டம். புள்ளிகள் அடுத்தடுத்து விழுந்தால் அந்தக் காட்சி மேடையிலும் அப்படித்தான் போகும். நேரத்தையும் குறியுங்கள். வாசிக்க முக்கால் மணித்தியாலம் எடுக்கிற நாடகம் நடையும் மௌனமும் சேர்ந்தால் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும்.

அந்த மாலைக்கு நாடகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரையும் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டு மாமி போதும். தேத்தண்ணி கொடுத்து, முடிந்த பிறகு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நின்றார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தால் எழுத்துரு தெளிவாக இருக்கிறது. "ஏதோ பெரிய விஷயம் கதைச்சினம்" என்றால் இன்னொன்றைப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, குழுவில் யாராவது அந்த நாடகத்தின் ஒரு வசனத்தை விளையாட்டுக்குச் சொல்கிறார்களா என்றும் கவனியுங்கள். எதுவுமே நாக்கில் ஒட்டவில்லையென்றால் எனக்கு நம்பிக்கை வராது.

வாசிக்கும்போது பேச்சு வழக்கும் வெளிக்கும். யாழ்ப்பாணப் பேச்சில் எழுதிய நாடகத்தை மூதூர்ப் பிள்ளை வாசித்தால் இரண்டுமில்லாத ஒரு தமிழ் வரும். பிள்ளையைத் திருத்தாதீர்கள், வசனத்தை அவன் வாய்க்குக் கொண்டுவாருங்கள். ஒரே வீட்டுப் பாத்திரங்கள் ஒரே மாதிரிக் கதைக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். செய்யுள் நாடகம் என்று கேட்டதும் பயப்படுகிறார்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் 'புதியதொரு வீடு' கரையோர மக்களைப் பற்றியது. சல்லி, சாம்பல்தீவுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் அந்நியமில்லை. அடி முடிகிற இடத்தில் நிறுத்தாமல், பொருள் முடிகிற இடத்தில் மூச்சு விட்டு வாசித்தால் அது பேச்சாகவே கேட்கும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிக முக்கியம். எங்கள் சபையில் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு இன்னும் தேடுகிற தாய்மார் இருப்பார்கள். 2004ஆம் ஆண்டுக் கடலுக்கு வீட்டுக்காரரைக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். அந்தக் கதைகளை மேடையேற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஏற்றத்தான் வேண்டும். ஆனால் தெரிவு செய்ய முன், குழுவிலோ ஊரிலோ அந்த இழப்பை அறிந்த ஒருவரிடம் எழுத்துருவைத் தனியே கொடுத்து வாசிக்க விடுங்கள். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். சரி என்றால், வெடிச் சத்தம் போன்றவற்றை ஒலிபெருக்கியில் போடாமலே அந்தக் காட்சியைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாத நாடகம் வேறொரு சபைக்கு உரியது.

மண்டபத்தையும் மறக்கக்கூடாது. தகரக் கூரையில் கார்த்திகை மழை விழுந்தால் மெல்லப் பேசுகிற நாடகம் முதல் வரிசைக்கே கேட்காது. ஆடி, ஆவணியில் திறந்த வெளி என்றால் கச்சான் காற்று குரலை அள்ளிக்கொண்டு போகும், அதற்குப் பாட்டும் பறையும் உள்ள நாடகமே சரி. பள்ளிக்கூட மண்டபங்களில் பகலில் இருட்டாக்க முடியாது. காட்சிக்குக் காட்சி விளக்கணைக்கக் கேட்கிற எழுத்துருவை ஓரமாக வையுங்கள். உடுப்பு, மேசை, கதிரை பற்றிக் கவலை வேண்டாம், அவை ஊருக்குள் கிடைக்கும்.

எழுத்துரு தேடுவதற்கு நகரத்துப் பொது நூலகமும், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிற 'நூலகம்' இணையத் தளமும் இருக்கின்றன. கிடைத்ததும் உரிமை கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். செக்கோவ் 1904இல் இறந்தவர், ஆனால் அவரைத் தமிழாக்கியவருக்குத் தனி உரிமை உண்டு. வெட்டிச் சுருக்குவதென்றால் அதையும் சொல்லியே கேளுங்கள். பணமில்லாத குழு என்று நேர்மையாக எழுதினால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. துண்டுப் பிரசுரத்தில் அவர்களுடைய பெயரை உங்கள் பெயரை விடப் பெரிதாகப் போடுங்கள்.

பதில் வந்த பிறகே போட்டோக் கொப்பி எடுங்கள். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தை நடை குறிக்க வெறுமையாக விட்டு, மேலதிகமாக நான்கு பிரதிகள் சேர்த்து. பஸ்ஸில் ஒன்று தொலையும், மழையில் ஒன்று நனையும், மற்ற இரண்டையும் பிந்திச் சேர்கிறவர்கள் கேட்பார்கள்.