ஏரிக்குத் தண்ணீர் தரும் நிலத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

நகரம் ஏரியை என்ன செய்தது என்று பார்க்கக் கிளம்பியபோது நான் முதலில் அளந்தது கரையைத்தான். கரை இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர்தான் பச்சை பூத்துக் கிடந்தது. அளக்க வேண்டியது நீர்ப்பிடிப்பு நிலத்தை என்று அப்புறம்தான் உறைத்தது.

முதலில் அதன் எல்லை. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால் எல்லையை வரைந்து தரும். சமதரையில் அதை அப்படியே நம்ப வேண்டாம். இடுப்பளவு சாலை மேடு போதும், தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு மழை நாளில் குடையோடு நடந்து பார்த்துத் திருத்துங்கள்.

அடுத்து பழைய செயற்கைக்கோள் படம் ஒன்று, புதிய படம் ஒன்று. 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5 படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்; 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2இல் 10 மீட்டர். இரண்டும் ஒரே மாதத்துப் படமாக இருக்கட்டும். நான் மழைக்காலப் படத்தோடு கோடைப் படத்தை ஒப்பிட்டு, உழுது போட்ட தரிசையெல்லாம் கட்டடக் கணக்கில் சேர்த்துவிட்டேன். காய்ந்த மண்ணும் கான்கிரீட்டும் செயற்கைக்கோளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு வாரம் வீண்.

பசுமை மொத்தம் எத்தனை ஹெக்டேர் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஓடையோரப் புதர்க்காடு வண்டலையும், ஏரியைப் பச்சை பூக்க வைக்கும் பாஸ்பரஸையும் தடுத்து நிறுத்தும்; மேட்டில் இருக்கும் பூங்காவால் அந்த வேலை நடக்காது. பத்து ஹெக்டேர் ஒரே துண்டாக இருப்பதும் பத்துத் துண்டாகச் சிதறியிருப்பதும் ஒன்றல்ல. குட்டையிலிருந்து புதருக்குப் போகும் தவளை நடுவில் சாலையைத் தாண்டியாக வேண்டும்.

"கான்கிரீட் போட்டால் ஏரிக்குத் தண்ணீர் கூடத்தானே வரும்?" என்று கேட்பார்கள். வரும். ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர். மண்ணில் ஊறி நாள் கணக்கில் கசிய வேண்டியதில் பெரும்பகுதி, ஒரு மணி நேரத்தில் எண்ணெயும் சாக்கடையுமாக வந்து விழும். மழை விட்டதும் ஓடை சீக்கிரமே வற்றிப்போகும்.

கடைசியாக, வீட்டுமனைக்கு எல்லைக்கல் நட்ட தரிசுகள். படத்தில் அவை இன்னும் பச்சைதான். நடந்து போனால்தான் கல் கண்ணில் படும். அவற்றுக்கு வரைபடத்தில் தனி நிறம் கொடுங்கள். நான் சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறேன்.