டர்போ காருக்கு ஸ்போர்ட்ஸ் கேட், டவுன்பைப்: தேர்ந்தெடுப்பது எப்படி?

டர்போ காரை ரீமேப் செய்ய, அதாவது பவர் கூட்ட இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்ற நினைப்பவர் எவரும் சீக்கிரமே டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து புகை இறங்கும் முதல் குழாய்) வந்து நிற்பார். எது நல்லது என்று தேட ஆரம்பித்தால் மூன்று அங்குலம், 200 செல், 304 ஸ்டெயின்லெஸ், கேட் இல்லாதது என்று தகவல் கொட்டும். விலை வித்தியாசமோ தலையைச் சுற்ற வைக்கும். பலரும் குழாய் எவ்வளவு அகலம் என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாய்க்குள் இருந்து புகையின் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான், சுருக்கமாகக் ‘கேட்’. குழாயை நல்ல பட்டறையில் செய்துவிடலாம், கேட்டைச் செய்ய முடியாது.

உதாரணத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 245 காரை எடுத்துக்கொள்கிறேன். 2020-இல் இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டும் வந்த மாடல். 2.0 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 குடும்பத்து இன்ஜின், 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க். கோல்ஃப் ஜிடிஐ, கோல்ஃப் ஆர் கார்களிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் என்பதால் இதற்குச் சந்தையில் பாகங்கள் ஏராளம். உங்கள் கார் வேறாக இருந்தாலும் தேர்ந்தெடுக்கும் முறை இதுவேதான்.

டர்போவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

இன்ஜினிலிருந்து வரும் புகை டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வந்து விழும் முதல் குழாய்தான் டவுன்பைப். இன்றைய பெரும்பாலான பெட்ரோல் டர்போ கார்களில் கேட் அதற்குள்ளேயே, டர்போவை ஒட்டி இருக்கும். காரணம் சூடு. கேட் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். டர்போ பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சூடாகும்.

டர்பைன் சுற்றுவது அதன் முன்புற அழுத்தத்துக்கும் பின்புற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். பின்னால் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும், மிதித்ததும் பவர் வர ஆகும் தாமதமான டர்போ லேக் குறையும். அதே பூஸ்டுக்கு (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) டர்பைனின் முன்புற அழுத்தமும் இறங்கும் என்பதால் இன்ஜின் மூச்சுத் திணறாமல் வேலை செய்யும். ‘கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் டார்க் வரும்’ என்று சிலர் சொல்வார்கள். டர்போ காரில் டர்பைனுக்குப் பின்னால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. புகைக்குழாய் வரிசையில் டவுன்பைப் மாற்றுவதில்தான் பெரிய பலன் கிடைக்கும். கடைசி சைலன்சரை மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் மாறும்.

படி 1: உங்கள் காரில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

இன்ஜின் குறியீடு, டர்போ மாடல், தயாரிப்பு ஆண்டு, முன்சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா என்பதை எழுதி வையுங்கள். கோல்ஃப் ஆர் காரில் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் குறுக்கே இருப்பதால் டவுன்பைப்பின் வளைவே வேறு. இன்ஜின் ஒன்றுதானே என்று வாங்கினால் பொருந்தாது. சில கார்களில் ஸ்டியரிங் ஷாஃப்ட் டர்போ பக்கமாக வரும். அவற்றில் வலப்பக்க ஸ்டியரிங்குக்குத் தனிக் குழாய் வேண்டும்.

புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கும் பெட்ரோல் துகள் வடிகட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவில் 2018-ஐ ஒட்டி வந்த நேரடி எரிபொருள் பீய்ச்சல் கார்களில் இது பரவலாக வந்துவிட்டது. ஒரே மாடலிலேயே வடிகட்டி உள்ளது, இல்லாதது என இரண்டு வகை இருக்கும், இரண்டுக்கும் டவுன்பைப் வேறு.

படி 2: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். காற்று மாசு, சத்தம் ஆகியவற்றுக்கான 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் இருக்கின்றன, லைசென்ஸும் 3 மாதத்துக்குத் தகுதி இழக்கும். பியுசி சோதனையில் தேறிவிட்டால் எல்லாம் சட்டப்படி சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது புகையை மட்டும் அளக்கும் சோதனை.

கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்திலோ மட்டும் ஓடும் கார் என்றால் கணக்கு வேறு. பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க: கேட்டோடு வந்த காரில் அது இல்லை என்று தெரிந்தாலே எம்ஓடி என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் தோல்விதான். ஜெர்மனியில் இசிஇ (ஐ.நா. வாகன விதிகளின்படி தரும்) ஒப்புதல் எண் பொறித்த டவுன்பைப்கள் கிடைக்கின்றன. ஹெச்ஜேஎஸ் நிறுவனம் அதற்குப் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட ஒப்புதலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை. அந்தக் கேட்டை ஒருவர் உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

கேட்டே இல்லாத குழாயைச் சாலையில் ஓடும் எந்தக் காருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சிக்னலில் நம் பின்னால் நிற்கும் பைக்காரரின் மூச்சுக்குள் போகின்றன. நல்ல 200 செல் கேட்டுக்கும் (செல் என்பது என்ன என்று படி 4-இல் பார்ப்போம்) வெறும் குழாய்க்கும் உள்ள பவர் வித்தியாசம் சாலையில் உணரக்கூடிய அளவில் இருக்காது.

படி 3: ரீமேப் செய்பவரிடம் முதலில் பேசுங்கள்

குழாயை வாங்கிவிட்டு மென்பொருளைத் தேடுவது தலைகீழ் வேலை. ஸ்டேஜ் 1 என்பது கம்பெனி பாகங்களை மாற்றாமல் செய்யும் ரீமேப். ஸ்டேஜ் 2 என்றால் பொதுவாக டவுன்பைப்பும் அதற்கேற்ற ரீமேப்பும் சேர்ந்தது. அவர் எந்த டவுன்பைப்பை வைத்து மேப் எழுதியிருக்கிறார், எத்தனை செல் கேட்டோடு சோதித்தார் என்று கேளுங்கள்.

ரீமேப் இல்லாமல் டவுன்பைப் மட்டும் மாட்டலாமா? சில கார்களில் ஓடும், சிலவற்றில் தொல்லை வரும். பின்னால் தடை குறைந்ததும் டர்பைனைத் தொடாமல் உபரிப் புகையை வெளியேற்றும் வால்வான வேஸ்ட்கேட்டால் போதுமான புகையைத் திருப்பிவிட முடியாமல், பூஸ்ட் கட்டுப்பாட்டை மீறி ஏறலாம். பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார்களில் இது நன்கு தெரிந்த சிக்கல். இன்ஜினுக்கு ஆபத்தான விஷயம் என்பதால் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக்கூடாது.

படி 4: கேட்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நிதானமாக உட்காருங்கள். கேட்டுக்குள் தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். துளைச் சுவர்களில் அலுமினா, சீரியா கலந்த பூச்சும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களும் இருக்கும். வேதிவினை நடப்பது அந்தப் பரப்பில்தான். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை துளைகள் என்பதே செல் எண்ணிக்கை. கம்பெனி கேட்டில் 400, 600 என்று இருக்கும், ஸ்போர்ட்ஸ் கேட்டில் பெரும்பாலும் 300, 200 அல்லது 100.

செல் பாதியானால் சுத்திகரிப்பும் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 400 செல்லில் துளைக்குத் துளை இடைவெளி சுமார் 1.27 மில்லிமீட்டர், 200 செல்லில் 1.8, 100 செல்லில் 2.54. இந்தக் கணக்கின்படி 400-லிருந்து 200-க்கு வந்தால் உள்பரப்பு ஏறக்குறைய 30% குறையும், 600-லிருந்து வந்தால் 42% குறையும். அந்தக் குறையை நீளமான கேட், நல்ல பூச்சு ஆகியவற்றால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆகவே ‘200 செல்’ என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. உள்ளே இருக்கும் தேன்கூட்டின் விட்டம், நீளம், பூச்சில் எவ்வளவு விலையுயர்ந்த உலோகம் என்று மூன்றையும் கேளுங்கள். விற்பவருக்கு விட்டமும் நீளமும் தெரியவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விட்டம் ஏன் முக்கியம் என்றால், துளைச் சுவர்களும் கொஞ்சம் இடத்தை அடைக்கும். மூன்று அங்குலக் குழாய்க்குள் மூன்று அங்குலத் தேன்கூட்டை வைத்தால் அந்த இடத்தில் குழாய் ஒடுங்கிப்போகும். ஐந்து அங்குலம் என்றால் முகப்புப் பரப்பு குழாயைப்போல 2.7 மடங்குக்கு மேல் கிடைக்கும். அதுமட்டுமல்ல, புகை மெதுவாகக் கடக்கும் என்பதால் சுத்திகரிக்கவும் நேரம் இருக்கும். தடை குறைவும் சுத்தமும் ஒன்றாகக் கிடைப்பது இப்படித்தான்.

பொருளைப் பொறுத்தவரை டர்போ காருக்கு உலோகத் தேன்கூடுதான் என் தேர்வு. செராமிக்கைவிடச் சுவர் மெல்லியது, சீக்கிரம் சூடாகும், அதிர்ச்சி தாங்கும். மலிவான செராமிக் கேட் நொறுங்கினால் துண்டுகள் பின்னால் போய் சைலன்சரை அடைக்கும்.

கேட் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சில டவுன்பைப்களில் வசதிக்காக அதைக் கீழே தள்ளி வைத்திருப்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது சூடாக அதிக நேரம் எடுக்கும், பெட்ரோல் வாடை தூக்கும். டர்போவுக்கு நெருக்கமாக இருப்பதே மேல்.

சரி, எத்தனை செல் வாங்குவது? சாலையில் ஓடும் விஆர்எஸ் போன்ற காருக்கு, பெரிய விட்டம் உள்ள 200 அல்லது 300 செல் போதும். 100 செல்லை வாங்கிவிட்டுப் புகைச் சோதனைக்குப் பயந்துகொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

படி 5: குழாய்

மூன்று அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு இரண்டரை அங்குலத்தைவிட 44% அதிகம். 2.0 லிட்டர் டர்போவுக்கு ஸ்டேஜ் 2-இல் மூன்று அங்குலமே வழக்கம். 1.0, 1.2 லிட்டர் டிஎஸ்ஐ கார்களுக்கு இரண்டரை தாராளம்.

304 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். அதில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் உண்டு. 409 வகையில் குரோமியம் 11% அளவில்தான் இருக்கும், மழைக்காலத்தில் வெளிப்புறம் துருவேறும். கையில் காந்தம் இருந்தால் போதும்: 409-இல் பச்சக்கென்று ஒட்டும், 304-இல் ஒட்டாது அல்லது வளைவுகளில் லேசாக மட்டும் இழுக்கும்.

வெல்டிங் டிக் முறையில் (டங்ஸ்டன் மின்முனையால் செய்யும் நுணுக்கமான வெல்டிங்) இருக்க வேண்டும். வெளியே அழகாகத் தெரிவதைவிட, உள்ளே விரலை விட்டுத் தடவும்போது முண்டும் முடிச்சும் இல்லாமல் இருப்பது முக்கியம். டர்போவோடு சேரும் வாய், திடீரென்று ஒடுங்காமல் புனல்போலச் சீராக இறங்க வேண்டும். நடுவில் நெளியும் பகுதியான ஃப்ளெக்ஸ் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் இன்ஜின் ஆட்டமெல்லாம் வெல்டிங்கில் இறங்கி விரிசல் விடும்.

படி 6: ஆக்சிஜன் சென்சார்

முன் சென்சார் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சரிபார்க்கும், பின் சென்சார் கேட் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும். கேட் பலவீனமானால் பி0420 என்ற பிழைக் குறியீட்டுடன் செக் இன்ஜின் லைட் எரியும். இதை மறைக்கச் சென்சாரை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர்களை விற்கிறார்கள். வேண்டாம். லைட் சொல்லும் உண்மையை மறைத்தால் கேட் உருகிப்போனாலும் உங்களுக்குத் தெரியாது. புதிய குழாயில் சென்சார் துளைகள் கம்பெனிக் குழாயில் உள்ள அதே இடத்தில், கேட்டுக்குப் பின் சரியான தூரத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

படி 7: மாட்டுவதும் சோதிப்பதும்

மாட்டுவதற்கு முன்பே, பழைய கேட்டோடு ஒரு பியுசி எடுத்து எண்களை வைத்துக்கொள்ளுங்கள். இதுபோன்ற பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3%, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. 2,500 ஆர்பிஎம் அளவில் கார்பன் மோனாக்சைடு 0.2%, லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு, 1 என்றால் சரியான கலவை) 0.97 முதல் 1.03 வரை. மாட்டிய பிறகு இன்ஜின் நன்றாகச் சூடானதும் மறுபடி எடுத்தால் கேட்டின் தரம் தெரிந்துவிடும்.

இஏ888-இல் டவுன்பைப் டர்போவோடு ஒரு வி-பேண்ட் கிளாம்பால் (சுற்றி இறுக்கும் வளையம்) இணைகிறது. கிளாம்பும் கேஸ்கட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இணைப்புகளில் சிலிக்கான் பசை தடவ விடாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகப் போட்டு, குழாய் எங்கும் உரசாமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் இறுக்க வேண்டும். வெப்பத் தடுப்புத் தகடுகளைத் ‘தேவையில்லை’ என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள், கேட்டு வாங்கி மாட்டுங்கள். பக்கத்தில் சூடு தாங்காத ரப்பர் உறைகளும் வயர்களும் இருக்கின்றன.

முதல் ஓட்டத்தில் லேசான புகையும் வாடையும் வரும். எண்ணெய்ப் பிசுக்கு எரிவதுதான் அது. கார் ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டிக் டிக்’ என்றோ ‘புஸ்’ என்றோ கேட்டால் லீக் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை ரீமேப்பை ஏற்ற வேண்டாம். காரில் மிஸ்ஃபயர் இருந்தாலும் முதலில் அதை முடியுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் உருகிவிடும்.

கழற்றிய பழைய கேட்டுக்கு உள்ளே இருக்கும் உலோகங்களுக்காக நல்ல விலை சொல்வார்கள். விற்காதீர்கள். வாரண்டிக்கோ காரை விற்கும்போதோ திரும்ப மாட்ட வேண்டி வரும். அதன் நட்டு, போல்ட், கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே கார் மாடலை எழுதி வைத்துவிடுங்கள்.