தினமும் எழுத நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாருகி முரகாமி நாவல் எழுதும் காலத்தில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவார் என்று எங்கோ படித்ததும் நாமும் அலாரம் வைக்கிறோம். அவர் இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார் என்பது மட்டும் வசதியாக மறந்துபோகிறது. காஃப்கா அதற்கு நேர்மாறு. பகலில் காப்பீட்டு அலுவலக வேலை, எழுத்து இரவில். அவரவர் நாளில் யாரும் தொந்தரவு செய்யாத பொழுது எதுவோ, அதை இருவரும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்தவர் அட்டவணையைக் கடன் வாங்கினால் ஒரு வாரம் தாங்கும். உங்களுக்கு மதியம்தான் அமைதி என்றால் மதியமே எழுதுங்கள்.

இரண்டாவது தவறு, எழுத்தைவிடச் சடங்கு நீண்டுபோவது. மேசையைத் துடைத்து, பிடித்த பேனாவைத் தேடி, பாட்டைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். வேலை செய்த திருப்தி வேறு வந்துவிடும். அதுதான் இதிலுள்ள ஆபத்து. பேனாவோ அறையோ இல்லாவிட்டால் எழுத வராது என்ற நிலைக்கும் இது கொண்டுபோய் விடும். சடங்கு எங்கே போனாலும் கூட வரக்கூடியதாக இருக்கட்டும். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதிக் குவித்த அந்தோணி டிரோலப், முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தொடங்குவார். அதற்கே அரை மணி நேரம் ஆகுமாம். காலையில் மூன்று மணி நேரம் எழுதியவருக்கு அது கட்டுப்படியாகும். நமக்குக் கடைசிப் பத்தி போதும். அப்போதும் அதைத் திருத்த ஆரம்பித்துவிடக் கூடாது. திருத்தத்துக்கு வேறு பொழுது ஒதுக்குங்கள்.

யாரும் அதிகம் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: மனதில் இருப்பதெல்லாம் தீரும்வரை எழுதிவிட்டு எழுந்திருப்பது. அன்றைக்கு நிறைவாகத்தான் இருக்கும். மறுநாள் உட்காரும்போதோ வெற்றுப் பக்கம். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் வழக்கம். கதைக்கு மட்டுமல்ல, கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும். பாதி வாக்கியத்தில்கூட நிறுத்தலாம். மனசு வரவில்லையா? சரி, அடுத்துச் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் குறித்துவைத்துவிட்டு எழுந்திருங்கள். என்னைக் கேட்டால், எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் பழக்கத்தைக் காப்பாற்றுகிறது.

அப்புறம் அந்த 21 நாள் கணக்கு. அத்தனை நாள் செய்தால் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் சோர்ந்துவிடுகிறார்கள். உணவு, உடற்பயிற்சி போன்ற அன்றாடப் பழக்கங்களை வைத்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. அதனால் தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரண்டு பங்கு எழுதப் போகாதீர்கள். முடியாமல் போனால் மூன்றாம் நாளும் கெடும். வழக்கமான அளவையே எழுதுங்கள்.