யாழ்ப்பாணத்திலிருந்து பூட்டானுக்கு: முதன்முறை செல்வோருக்கான செய்முறை

பூட்டான் 1974ஆம் ஆண்டுவரை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. தெற்கே கெலெபுவில் புதிய நகரமும் சர்வதேச விமான நிலையமும் அமைக்கும் திட்டம் 2023 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டிருப்பதால், கூட்டம் பெருகுமுன் அந்நாட்டைக் காண விரும்புவோர் இப்போதே திட்டமிடுவது நல்லது.

படி 1: இரவுகளைத் தீர்மானியுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுடையோர் அங்கு தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 100 டொலர் நிலைபேறான அபிவிருத்திக் கட்டணம் செலுத்த வேண்டும். 2022இல் 200 டொலராக உயர்த்தப்பட்ட இத்தொகை, 2027 ஓகஸ்ட் இறுதிவரை பாதியாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆறு இரவுகளுக்கு விசாக் கட்டணம் 40 டொலரையும் சேர்த்து 640 டொலர் ஆகும். விடுதியும் உணவும் வாகனமும் இதில் அடங்கா. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்தபின் ஓர் ஊருக்குள் சனம் எப்படி வந்து நிறையும் என்பதைக் கண்ட எமக்கு, இக்கட்டணத்தின் நோக்கம் விளங்கக் கடினமில்லை. காடுகளையும் இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் பேண உதவும் இப்பணத்தை நான் மனமுவந்தே கொடுப்பேன்.

படி 2: வழியைத் தெரிவு செய்யுங்கள். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை, அங்கிருந்து கொல்கத்தா, பின்னர் பூட்டானின் விமான நிலையம் உள்ள பாரோ என்பது எமக்கு வசதியான வழி. இந்தியாவுக்குள் இருமுறை நுழைய நேர்வதால், அதற்கு இடந்தரும் இந்திய விசாவை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். உயர்ந்த மலைகளுக்கிடையே அமைந்த பாரோவில் விமானங்கள் பகலில், கண்ணால் பார்த்தே இறக்கப்படுகின்றன. முகில் மூடினால் பயணம் தாமதமாகும் என்பதால், திரும்பும்போது கொல்கத்தாவில் ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள்.

படி 3: பூட்டான் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். ஆறு மாதங்களாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அவசியம். விண்ணப்பத்தை இணையவழி நீங்களே அனுப்பலாம். எனினும் தலைநகர் திம்பு, பாரோ ஆகியவற்றுக்கு அப்பால் செல்ல வழிகாட்டி உடனிருக்க வேண்டுமென்பதால், முதன்முறை செல்வோர் அங்குள்ள அனுமதிபெற்ற முகவர் ஒருவரிடம் அனைத்தையும் ஒப்படைப்பதே சிறந்தது.

படி 4: உயரத்துக்கு உடலைப் பழக்குங்கள். எமது குடாநாட்டில் மலையே இல்லை. திம்புவோ ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில், அதாவது பிதுருதலாகல மலையுச்சிக்குச் சற்றே கீழான மட்டத்தில் இருக்கிறது. ஆகவே, 3,100 மீற்றருக்கு மேல் பாறை முகப்பில் நிற்கும் தக்த்சாங் மடாலயத்தை முதல் நாளிலேயே ஏற முயலாமல், பயணத்தின் இறுதிப் பகுதிக்கு ஒதுக்குங்கள். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நாளாந்தம் நடந்து பழகினால் ஏற்றம் எளிதாகும்.

படி 5: உடையும் பணமும். நல்லூரில் ஆண்கள் மேலாடையைக் களைந்து வழிபடுவர். ஜொங் எனப்படும் கோட்டை மடங்களிலோ கைகளையும் கால்களையும் மூடும் உடை அணிய வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். கருவறைகளுக்குள் படம் எடுக்கக்கூடாது. பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாவுக்குச் சமமான மதிப்புடையது. பிற நாடுகளில் அதை மாற்றுவது கடினமென்பதால், மீதியைப் பாரோவிலேயே மாற்றிவிடுங்கள்.