ரெண்டு போனை வச்சு நம்ம காது சத்தத்தை எப்படி பிரிக்குதுன்னு டெஸ்ட் பண்றது எப்படி

ரெண்டு போன்லயும் டோன் ஜெனரேட்டர் ஆப் (நாம சொல்ற ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு அத்தனை அதிர்வுல சத்தம் போடற ஆப்) ஒண்ணு போட்டுக்கோங்க, ஃப்ரீயாவே நிறைய கிடைக்குது. ஃபேனை நிறுத்திட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வால்யூமை சாதாரணமா பேசற அளவுக்கு மேல ஏத்தாம 1000 ஹெர்ட்ஸ் ஓட விடுங்க. வால்யூம் விஷயத்துல விளையாடாதீங்க, சத்தத்தை உணர்ற ஹேர் செல் ஒரு காதுக்கு சுமார் 15,000தான், பறவைக்கெல்லாம் செத்தது திரும்ப முளைக்கும், பாலூட்டிக்கு போனா போனதுதான்.

இப்ப ஒரு போனை மட்டும் 1004 ஆக்குங்க. சத்தம் செகண்டுக்கு நாலு தடவ ஏறி இறங்கும். அப்படியே மெதுவா ஏத்திட்டே போங்க, 1050, 1060 வாக்குல எண்ணவே முடியாம கரகரன்னு ஆயிரும், 1200 தாண்டினா கரகரப்பு அடங்கி ரெண்டும் தனித்தனியா கேக்கும்.

காரணம் காக்லியாக்குள்ள, அதாவது உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்கிற குழாய்க்குள்ள, இருக்கிற பேசிலார் சவ்வு. சுருளை நீட்டினா சுமாரா 35 மில்லிமீட்டர்தான் வரும், நடுக்காது பக்கம் ஒடுங்கி விறைப்பா இருக்கறதால அங்க கீச்சு சத்தத்துக்கு ஆடும், உள்ள போகப்போக அகலமா தொளதொளன்னு ஆகி கட்டை சத்தத்துக்கு ஆடும், ஆக ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் அதுல ஒரு இடம் இருக்கு. 1000, 1060 ரெண்டோட இடமும் ஒண்ணு மேல ஒண்ணு விழறதால ஒரே ஹேர் செல்லுங்களை ரெண்டும் சேந்து உலுக்குது, அதான் கரகரப்பு. நம்பலன்னா போனுக்கு ஒரு இயர்போன் மாட்டி 1000 ஒரு காதுல, 1060 இன்னொரு காதுல விடுங்க, கரகரப்பு காணாம போயிரும், ஏன்னா இப்ப அது அது தனித்தனி காக்லியால ஆடுது.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அடுத்ததுதான். மறுபடி ஸ்பீக்கர்ல 1000, 1200 வைங்க. கவனிச்சா அடில மெல்லிசா 800 கேக்கும், எந்த போனும் அதை போடல! 1200ஐ 1250க்கு நகத்தினா அந்த பேய் சத்தம் 750க்கு இறங்கும், முதல் எண்ணை ரெண்டால பெருக்கி ரெண்டாவதை கழிச்சா வர்ற எண். சின்ன சத்தத்தை பெருசாக்க ஹேர் செல்லுங்கள்ல வெளி வரிசையில இருக்கிற அவுட்டர் ஹேர் செல்லுங்க நீண்டு சுருங்கும், அந்த வேலையில தானா உண்டாகற சத்தம் இது. இப்படி காதே போடற சத்தத்தை 1978ல டேவிட் கெம்ப்ங்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி காதுக்குள்ள மைக் வச்சு பதிவு பண்ணாரு, பொறந்த குழந்தைக்கு காது கேக்குதான்னு பாக்கற டெஸ்ட் ஒண்ணு இதை வச்சுதான் ஓடுது.

800 கேக்கலன்னா வால்யூமை ஏத்தாதீங்க, போனை கொஞ்சம் கிட்ட கொண்டு வந்து 1200ஐ லேசா மேல கீழ நகத்துங்க, எதிர்ப்பக்கமா நகர்ற சத்தத்தை காது சீக்கிரம் பிடிச்சிரும். தலையை மட்டும் ஆட்டாதீங்க, சுவத்துல பட்டு திரும்பற சத்தம் எல்லாத்தையும் குழப்பி விட்ரும்.