மே மாதம் நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு: சென்ட்ரல் பார்க் பறவை நடை

வசந்தத்தில் வடக்கே போகும் வார்ப்ளர் குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். விடியும்போது, கட்டடங்களுக்கு நடுவே பச்சையாகத் தெரியும் சென்ட்ரல் பார்க்கில் இறங்கி இரை தேடும். மே முதல் இரண்டு வாரங்கள்தான் உச்சம். வழிகாட்டியோடு போகும் குழு நடையில் சேர்ந்துவிடுங்கள். 'ராம்பிள்' என்னும் மரக்காட்டுப் பகுதியில் தனியாகப் போனால் பாதைகளே குழப்பும்.

நாள் தேர்வு செய்ய முடிந்தால், முந்தைய இரவு தெற்கிலிருந்து காற்று வீசியதா என்று பாருங்கள். அந்தக் காற்றில்தான் கூட்டம் கூட்டமாக வரும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'பேர்ட்காஸ்ட்' தளத்தில் இரவு வலசைக்கான முன்கணிப்பும் கிடைக்கும்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். பறவையைக் கண்டதும் கண்ணை எடுக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இங்கேதான். இதை முதல் நாளே வீட்டு ஜன்னலில் நின்று பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவருக்குக் காட்டும்போது கை நீட்டாமல், "அந்த ஓக் மரம், இரண்டு மணி திசை, நுனிக்கிளை" என்று, மரத்தையே கடிகார முகமாக நினைத்து, மெல்லச் சொல்லுங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். இரவெல்லாம் பறந்து களைத்து வந்தவை, பாவம், சாப்பிடட்டும்.