துக்கம் வந்த வீட்டில் ஒரு மார்மன் குடும்பம் என்ன செய்யலாம்

முதலில் திங்கட்கிழமை மாலையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மார்மன்களின் சபையான பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை 1915-லேயே வீட்டு மாலைக் கூடுகையை வலியுறுத்தத் தொடங்கியது, திங்கள் என்று நாள் குறித்தது பிறகுதான். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், இவர்களின் வேதநூலான மார்மன் புத்தகத்தில் நாலு வசனம், அப்புறம் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். பிள்ளைகள் சண்டை போட்டாலும் நிறுத்தாதீர்கள், ஏனென்றால் இந்தப் பழக்கத்தின் பலன் தெரிவது நன்றாக இருக்கும் நாளில் அல்ல, ஒரு நாற்காலி காலியான பிறகு எதைப் பேசுவது என்று யாருக்கும் தெரியாத அந்த முதல் வாரத்தில்தான்.

பொதுவாக மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். மிச்சமாகும் சாப்பாட்டுப் பணம் வசதி இல்லாதவர்களுக்குக் காணிக்கையாகப் போகும். உடம்பு முடியாதவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம்.

இழப்பு வந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உங்கள் ஊர்ச் சபையை நடத்தும் ஆயரிடம் சொல்லுங்கள். 1842-ல் தொடங்கிய ஒத்தாசைச் சங்கத்துப் (சபையின் பெண்கள் அமைப்பு) பெண்கள் சாப்பாடு கொண்டுவந்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு என்ன வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆலயத்தில் ஒரு சடங்கின் மூலம் என்றென்றைக்குமாக இணைக்கப்பட்ட, அதாவது முத்திரிக்கப்பட்ட குடும்பம் மரணத்துக்குப் பிறகும் சேர்ந்தே இருக்கும் என்பது இவர்களின் நம்பிக்கை. சரி, அதைச் சொல்லி அழுகையை அடக்கிவிடாதீர்கள் (நல்லெண்ணத்தில் பலரும் செய்யும் தவறு இது). துக்கப்படுகிறவர்களோடு துக்கப்படுவது ஞானஸ்நான உடன்படிக்கையிலேயே இருக்கிறது, மார்மன் புத்தகத்தில் மோசியா 18-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள், ஜெபம் அதற்குக் குறுக்கே நிற்காது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் இறந்தவரின் கதைகளைக் குடும்ப வரலாறாக எழுதத் தொடங்குங்கள். கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும்.